இறைப்பு

முள்ளியாறு உடைந்த நான்காம் நாள்
கொழுந்தன் ரெங்கையன் போனில் கத்தினான்:
"என்ஜின் ஓடுது அண்ணி, தண்ணி வரல.
ஃபுட்வால்வுல பொடுதலை போய் அடைச்சிக்கிச்சு.
வரப்போட பிஞ்சு வந்திருக்கு, சனியன்."

நான் அப்போது தஞ்சாவூரில், மூன்றாம் மாடியில்,
ஒரு சீழின் வாரிசுகளைத்
தட்டில் விதைத்துக்கொண்டிருந்தேன்.

தட்டுக்கு எண் நாற்பத்தொன்று.
ஆளின் பெயர் எனக்குத் தெரியக்கூடாது.
தெரியும்: பக்கிரிசாமி, கோட்டூர்,
இடது பாதம், சர்க்கரைப் புண்,
அதோடு ஆறு நாள் நடவுச் சேற்றில் நின்றிருக்கிறார்.
அறிக்கையில் பதினான்கு மருந்துகள்.
பதிமூன்றுக்கு நேரே ஒரே எழுத்து,
ஆர், ஆர், ஆர்,
உழவுமாட்டை அதட்டுகிறவன் நாக்கைச் சுழற்றுகிற மாதிரி.
பதினான்காவதை அவருடைய சிறுநீரகம் தாங்காது.

மருந்து உள்ளே போகாமல் இல்லை. போகிறது.
கிருமி தன் சுவரில் மோட்டார் வைத்திருக்கிறது.
மடை திறந்து வருவதை
வந்த வேகத்தில் வெளியே இறைத்துவிடுகிறது,
டீசல் இல்லாமல், ஆள்கூலி இல்லாமல்.
நாம் ஒரு டீயும் ஒரு பேச்சும் முடிப்பதற்குள்
அது பிள்ளை பெற்றுவிடும்.
பிள்ளைக்கும் மோட்டார் உண்டு.

"அதைத் தூக்கிப் போட்டுடாத," என்றேன்.
"ஒரு சாக்கு நிறைய எனக்கு வேணும்."
போன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு மெதுவாக: "பொடுகுக்கா அண்ணி?"

திருத்துறைப்பூண்டி பஸ்ஸில், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால்
சாக்கு வந்து சேர்ந்தது. உள்ளே இரண்டு நத்தை.
நிழலில் உலர்த்தினேன்
(ஐப்பசியில் நிழலுக்கா பஞ்சம்),
மெத்தனாலில் ஊறவைத்தேன், சுண்டவைத்தேன்.
கடைசியில் மிஞ்சியது
சுண்டுவிரல் நகமளவு கரும்பச்சைப் பிசின்.

சாறு மட்டும் வைத்த தட்டில் ஒன்றும் நடக்கவில்லை.
நாற்றங்கால் போல நெருங்கி முளைத்திருந்தது கிருமி.
மருந்து மட்டும் வைத்ததில்
ஏழு மில்லிமீட்டருக்கு ஒரு கஞ்ச வட்டம்.
இரண்டையும் சேர்த்து வைத்ததில்
பதினெட்டு.
அளவுகோலைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன்.
இன்னும் மூன்று தட்டு, இன்னும் மூன்று நாள்.
பதினெட்டு, பதினேழு, பதினெட்டு.
சன்னலில் தூக்கிப் பிடித்தால்
பயிர் நடுவே தண்ணீர் வடியாத ஒரு குழி.

சாறு கொல்லவில்லை. அதை முதலில் எழுதிவைக்க வேண்டும்,
வாட்சப்பில் எவராவது கஷாயம் காய்ச்சுவதற்கு முன்.
அது போய் வால்வில் உட்கார்ந்துகொண்டது,
அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.
நினைப்பதைக் காட்ட ஒளிரும் சாயம் வேண்டும்,
பணம், எலி, வருடங்கள்.
தட்டு உடம்பில்லை.

வெள்ளிக்கிழமை கீழே வார்டுக்குப் போனேன்.
பக்கிரிசாமியின் கட்டிலில் ஒரு இளைஞன் சாத்துக்குடி உரித்தான்.
"முழங்காலுக்குக் கீழ எடுத்தாச்சு. புதனே வீட்டுக்குப் போயாச்சு,"
என்றார் நர்ஸ் அமலோற்பவம்,
ஊசியிலிருந்து காற்றைத் தள்ளியபடி.

அவரிடம் இல்லாதது என்னிடம் இருக்கிறது,
உறைபெட்டியில், மைனஸ் எண்பதில்,
நாற்பத்தொன்று, உயிரோடு.

கார்த்திகையில் வயல் மறுபடி முங்கியது.
ரெங்கையன் படம் அனுப்பினான்:
ஃபுட்வால்வைச் சுற்றிக் கொசுவலை,
மூன்று சுற்று, சணலால் இறுக்கிக் கட்டியிருக்கிறான்.
இனி எந்தப் பூண்டும் உள்ளே போகாது.
குழாயின் வாயில் தண்ணீர் வெள்ளையாய்க் கொட்டுகிறது.

இதைக் கற்றுக்கொள்ள அவனுக்கு எத்தனை நாள் ஆனது
என்று விரல்விட்டு எண்ணினேன்.
இருபத்தாறு.

நல்லது என்று பதில் போட்டேன்.
இன்னொரு சாக்கு கிடைக்குமா என்றும்.