பக்கெட்டுக்கு ஒரு ரூபாய்

நோர்வூட்டில், ஹில்மி நானாவின் கடையில்,
சம்பளத்துக்கு மறுநாள்
டிலுக்சியைப் பார்த்தேன்.
நாற்பது டிலுக்சி.
அடுக்கி வைத்த லூமினோ பிஸ்கட்டில்
நாற்பது தரம் சிரித்தாள்,
நாற்பது தரம் கைகுவித்து
நீலக் குழாயில் தண்ணீர் ஏந்தினாள்.

எங்கள் லயத்துப் பிள்ளைதான்.
எட்டாம் காம்பரா பவளராணியின் இளையவள்.
முன்பல் விழுந்த இடத்தை மட்டும்
யாரோ நிரப்பிவிட்டிருந்தார்கள்.

நீங்கள் வாங்கும் ஒவ்வொரு பக்கெட்டிலும்
ஒரு ரூபாய் மலையகத்தின் தாகத்துக்கு
என்று மூன்று மொழியிலும் அச்சு.
தமிழில் மட்டும் ஒரு புள்ளி வைத்த எழுத்துக் கூடி
தாகம் தாக்கம் ஆகியிருந்தது.

போன மாசம் நூத்தியெழுபது,
இப்ப நூத்தியெண்பது, என்றார் நானா.
கூடின பத்தில் ஒன்று தாகத்துக்கு.
மிச்சம் ஒன்பது?
"அது அவங்கட தாகத்துக்குத் தங்கச்சி."

பொய் என்று சொல்லமாட்டேன்.
தாங்கி வந்தது. கறுப்பு, ஐயாயிரம் லீற்றர்.
மேட்டு ஊற்றிலிருந்து குழாய் இறக்கினார்கள்.
அதற்கு முன்
பீலிக்கு நூற்றுப்பன்னிரண்டு படி.
விடியுமுன் இருட்டில் ஒரு கையில் டோர்ச், இடுப்பில் குடம்,
அட்டை கடித்த காலோடு அப்படியே பிரட்டுக்கு ஓட்டம்.
அந்தப் படிகளை என் முழங்கால் இன்னும் எண்ணும்.
நன்றி சொல்ல வேண்டிய இடத்தில்
சொல்லத்தான் வேண்டும்.
சொல்லிவிட்டேன்.

திறப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து
வேன் நிறைய வெள்ளைச் சட்டை.
திறந்து, மூடி, திறந்து
ஒரே தண்ணீரை இருபத்தேழு தரம் படமெடுத்தார்கள்.
"கொஞ்சம் தாகமாச் சிரிங்க மகள்" என்றார் ஒருவர்.
எப்படியென்று அவளுக்குத் தெரியவில்லை.
தண்ணீர் சில்லென்றிருந்தது, சிரித்தாள்.
ஒரு பள்ளிக்கூடப் பை கொடுத்தார்கள், உள்ளே இரண்டு பக்கெட்.
ஆங்கிலத் தாளொன்றில் பவளராணி கையெழுத்து வைத்தாள்.
எதுக்குடி, என்று கேட்டேன்.
"தண்ணிக்கு."

இரவில் படுத்தபடி கணக்குப் போட்டேன்.
தாங்கி, குழாய், சீமெந்து, மேசன் கூலி, வேன் வாடகை,
பெயர்ப்பலகை
(தாங்கியை விட அகலம்),
நாலு லட்சம் என்று வைத்தால்
நாலு லட்சம் பக்கெட்.
மாத்தறையில் யாரோ, மானிப்பாயில் யாரோ
தேத்தண்ணியில் தோய்த்துத் தோய்த்துத்
தின்று தீர்க்கிறார்கள் எங்களுக்காக.
அந்தத் தேத்தண்ணியின் கொழுந்து
என் கூடைக் கொழுந்தாயும் இருக்கலாம்,
கிலோ போதாதென்று
அரைப்பேர் போட்டு அனுப்பிய நாளொன்றின் கொழுந்து.
கணக்கு அந்த இடத்தில் சிக்கிக்கொண்டது.
நித்திரையாகிப் போனேன்.

நானும் ஒன்று வாங்கித்தான் வந்திருந்தேன்.
என் ரூபாய்
கொழும்பைச் சுற்றிக்கொண்டு
என் வாசலுக்குப் புறப்பட்டிருக்கும்.

டிலுக்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இது நானில்ல மாமி.
எனக்குப் பல்லு இப்பதான் மொளைக்குது."
பிஸ்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

ஒரு மாதமாய் இரண்டாம் குழாயின் கழுத்தில் கசிவு.
தோட்டத்தில் கேட்டால், அது கம்பனிக் குழாய்.
பலகையிலுள்ள நம்பருக்கு எடுத்தால்
இனிய குரலொன்று
இஞ்சி போட்ட புது ருசியைப் பற்றிச் சொல்கிறது.
முழுதாய்க் கேட்டுவிட்டுத்தான் வைத்தேன்,
காசு போனது போனதுதானே.

உறையை நீளவாக்கில் கிழித்து
முறுக்கி
குழாயின் கழுத்தில் இறுக்கிக் கட்டினேன்.
நல்ல பிளாஸ்டிக், சொல்லத்தான் வேண்டும்,
இந்த மலை மழைக்கும் மங்காத மை.
கசிவு பாதி நின்றது.
மிச்சப் பாதி,
அவளுக்கு முன்னமே முளைத்துவிட்ட
அந்தப் பல்லின் மேல்
சொட்டுகிறது.
கீழே ஒரு வாளி வைத்திருக்கிறேன்.