ஹாண்டில் பார்க்கிறவள்

கொழும்பிலிருந்து வந்த தாளில்
ஓடுபாதை சுவர்போலச் சரிந்து நிற்கிறது.
விசுவமடுவில் எங்களிடம் இருப்பது
சங்கக் கட்டடத்துக்குப் பின்னால்
நெல்லுக் காயப்போடும் தளம்.
நீட்டுக்குச் சுண்ணாம்பு போட்டு
இரண்டு அந்தத்திலும் வளைத்தோம்.
மூலையில் இன்னும் உமி.

தலைக்கவசம் பார்க்க ஒருவர்,
சங்கிலி பார்க்க ஒருவர்,
எனக்குத் தந்தது ஹாண்டில்.

மணி கூடாது. கூடை கூடாது. கண்ணாடி கூடாது.
பிரேக்கும் கூடாதென்று வாசித்தபோது
பெடியள் சிரித்தார்கள்.
அந்த ஒரு வரியைச் சிவப்புப் பேனையால் நானே வெட்டினேன்:
தளம் முடிகிற இடத்தில் முள்ளுக்கம்பி.
மற்றதெல்லாம் தாளில் உள்ளபடி.
மணி இல்லாமல் பரந்தன் வீதியில் போனால்
பொலிஸ் மறிக்கும்.
மணியோடு இங்கே வந்தால்
நான் மறிப்பேன்.

சாக்கை விரித்தேன்.
கழற்றியவை விழுந்தன:
பதினொரு மணி, அதில் மூன்று ஊமை,
கறள் பிடித்த கொளுக்கிகள்,
வேப்பிலை காய்ந்து ஒட்டிய மஞ்சள் நூல்,
பிளாஸ்ரிக் உறையில் மடு மாதா.
"உதுவுமோ மிஸ்?"
"உதுவும்தான். சாக்கில இருந்தும் பார்ப்பா."

அடுத்தது முனை.
குழாயின் வாய் திறந்திருக்கக் கூடாது.
சுண்டுவிரலை விட்டுப் பார்க்கிறேன்.
விரல் உள்ளே போனால்
சைக்கிள் உள்ளே போகாது.

தாள் கேட்டது தக்கை.
வந்தது செருப்புக் குதியில் வெட்டிய வட்டம்,
உருக்கி ஊற்றிய மெழுகுதிரி,
சீவி இறுக்கிய புளியங்கொம்பு.
கேமசுதனுடையது தைலப் போத்தல் மூடி,
மணம் இன்னும் போகவில்லை.
எல்லாவற்றுக்கும் சரி போட்டேன்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று
ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும் காட்டியிருக்க மாட்டேன்:
விலாவுக்குக் கீழே
இரண்டு ரூபாய்க் குற்றியளவு வட்டம்.
எல்லாரும் ஒரே பக்கம் போன மாதத்தில்
பாரமேற்றிய சைக்கிளொன்று சரிந்து
முத்திரை குத்திய இடம்.
உருட்டி வந்தவர் மன்னிப்புக் கேட்டார்,
நிற்க நேரமில்லாமல்
நடந்தபடியே.

கடைசியாகக் கனுசியா.
முனையில் குறையில்லை.
ஆனால் சக்கரம் கிழக்கைப் பார்க்க
ஹாண்டில் வடகிழக்கைப் பார்த்தது.
விடிய நாலு மணிக்குப் பால் கான்,
இடப்பக்கக் கொளுக்கியில்,
நாலு வருசம்.
"எனக்கு இதுதான் மிஸ் நேர்."

தாளில் ஒரு நேர்தான் உண்டு.
முன்சக்கரத்தை முழங்காலுக்குள் இடுக்கி
ஒரே முறுக்கு.

விசில். ஏழு சுற்று.
புறப்பட்ட உடனேயே
அவளுடைய கைகள் பழைய நேரைத் தேட
சைக்கிள் இடப்பக்கம் ஒதுங்கிப் போய்ச்
சுண்ணாம்பை நக்கியது.
இழுத்தெடுத்தாள். மறுபடியும் நக்கியது.
இடப்பக்கமே திரும்புகிற அந்த இரண்டு வளைவிலும் மட்டும்
அவளை ஒருவராலும் பிடிக்க முடியவில்லை.
வளைவில் எடுத்ததை
நேரில் கொடுத்தாள்.
நாலாவது.

சான்றிதழ் மூன்று பேருக்குத்தான் அச்சடித்திருந்தோம்.

பிள்ளைகள் சாக்கைக் கிளறினார்கள்.
தன் மணியையும் கொளுக்கியையும் எடுத்துப் பூட்டினாள்.
பிறகு, என்னைப் பார்க்காமல்,
முன்சக்கரத்தை முழங்காலுக்குள் இடுக்கி
மற்றப் பக்கம் ஒரு முறுக்கு.

உடையார்கட்டுப் பக்கம் போகும் தார் வீதியில்
முன்ரயரின் சுண்ணாம்பு
விட்டு விட்டு வெள்ளையாய்ப் பதிந்துகொண்டு போனது.
கண்ணுக்கெட்டிய மட்டும் பார்த்தேன்.
நூல் பிடித்த மாதிரி
நேர்க்கோடு.

தாளை மடித்தேன்.
சாக்கில் ஒரு மணி மிச்சம்,
ஊமை மூன்றில் ஒன்று.