மருள்

தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையேறிவிடும்.
எனக்கு அப்போதுதான் வேலை.
ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டு
இன்னொன்றைப் பூட்டிவிட்டு
தங்கச்சிமடத்து வீட்டுக்கு வந்தால்
எனக்கு முன்னால் வாசலில் நுழையும்
டீசல்.

ஜெனோவாவுக்கு இளைப்பு.
ராமநாதபுரத்து டாக்டர்
குழலை அவள் முதுகிலிருந்து எடுக்காமலே கேட்டார்,
வீட்டுக்குள்ளே காற்று எப்படி?
கடலுக்கு நூறு அடியில் வீடு என்றேன்.
நான் அதைக் கேட்கவில்லை என்றார்.

உள்ளே என்றால்,
ஜன்னல் மூடித்தான் கிடக்கும்.
வடக்கே கருவாட்டுக் களம்
தெற்கே ஃபைபர் பூசும் கொட்டகை.
மூடிய அறைக்குள்
கொசுவர்த்தி, சாம்பிராணி, மிளகாய் தாளித்த புகை,
அப்புறம் நான்.

பிரகாசி போனில் பார்த்தாள்.
செடி வைத்தால் நஞ்சை உறிஞ்சுமாம்
ராத்திரியிலும் நமக்காக மூச்சு விடுமாம்.
ஸ்நேக் பிளான்ட் ஒன்று, மணி பிளான்ட் ஒன்று,
பேர் தெரியாத வரிச்செடி ஒன்று.
எழுநூற்று ஐம்பது ரூபாயை மடியில் வைத்து
பாம்பன் பாலத்தில் கச்சான் அறைய
முந்தானையால் போர்த்திக் கொண்டுவந்தாள்
பச்சைப் பிள்ளையைப் போல.

எங்கள் குழாயில் வருவது உப்பு.
மணி பிளான்ட் ஒன்பதாம் நாள் ஓரம் கருகிற்று.
வரிச்செடி சொல்லாமலே போய்விட்டது.
அதற்குப் பிறகு
குடம் பதினைந்து ரூபாய்த் தண்ணீரில்
மிஞ்சிய ஒன்றுக்கு ஒரு டம்ளர்.
எனக்கே அரை டம்ளர்தானே தருகிறாய் என்றேன்.
பகடிக்குத்தான்.
அவள் சிரிக்கவில்லை.

டர்னர் இன்னாசி வந்தவன் பார்த்துவிட்டு
அட, இது மருள்!
உடைமரத்தடியில் மணலில் கிடக்குமே
ஆடுகூட வாய் வைக்காதே
இதற்கா முந்நூற்றைம்பது என்றான்.
போய்ப் பார்த்தேன்.
அதுவே இல்லை, அதன் தாயாதி.
அதே வாள் இலை, அதே பாம்பு வரி,
யாரும் ஒரு டம்ளர் ஊற்றாமல்
உப்புக் காற்றை நக்கிக்கொண்டு.
ஒரு கிழங்கைப் பிடுங்கிவந்து
பெயின்ட் டப்பாவில் நட்டேன்.
பணம் கொடுத்ததும் கொடுக்காததும்
பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

இலையைத் துடைக்க வேண்டுமாம்,
இல்லாவிட்டால் அதற்கும் மூச்சு முட்டுமாம்.
ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து
பழைய வெள்ளைத் துணியை நனைத்து
ஒவ்வொரு வாளாய் உருவினாள் பிரகாசி.
பிறகு துணியை என் முன்னால் விரித்தாள்.
ஒரு வார்த்தை இல்லை.

கறுப்பு.
விரலில் தேய்த்துப் பார்த்தேன். பிசுக்கு.
எனக்குத் தெரிந்த பிசுக்கு,
பத்தொன்பது வருஷமாய் என் நகக்கண்ணில் இருப்பது.

எந்தப் படகுக்காரன் கூப்பிட்டாலும்
நான் முதலில் கழற்றுவது ஃபில்டரை.
அதை வெளிச்சத்தில் பிடித்துத்தான் சொல்வேன்
எஞ்சின் எதைத் தின்றுகொண்டிருக்கிறது என்று.
இந்த வீட்டில்
எட்டு வருஷமாய் ஃபில்டராக இருந்தது யார் என்று
அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.
அவள் கட்டிலில்
தலையணை மூன்றை அடுக்கிச் சாய்ந்து
வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

இப்போது பட்டறைப் பம்பிலேயே குளித்துவிடுகிறேன்.
சட்டை வேலிக்கு வெளியே காய்கிறது.
கொசுவர்த்திக்குப் பதில் வலை,
வலைக்கு எங்கள் ஊரில் பஞ்சமா.
களம் அடங்கிய பின்
விடியற்காலை நாலு மணிக்கு ஜன்னலைத் திறக்கிறோம்.
எது வேலை செய்கிறது என்று கேட்டால்
செடி என்கிறாள் அவள்.
ஜன்னல் என்கிறேன் நான்.
டாக்டர் ஒன்றும் சொல்லாமல்
மருந்தில் ஒன்றைக் குறைத்தார்.

இந்த ஞாயிறும் துணி கறுப்புத்தான்.
போன வாரத்துக்குக் கொஞ்சம் தேவலை என்கிறாள் பிரகாசி.
எனக்கு அப்படித் தெரியவில்லை.
ஜெனோவா இரண்டு துணியையும் வாங்கி
ஜன்னல் பக்கம் போய்
வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள்,
என்னைப் போலவே
ஒரு கண்ணை மூடிக்கொண்டு.