முதல் சனிக்கிழமைச் சங்கு

மண்டல அலுவலகம், இரண்டாம் மாடி.
ஏ.சி. ஓடியது, ஜன்னலும் திறந்திருந்தது.
இரண்டில் ஒன்றை மூடச் சொல்ல
யாருக்கும் அதிகாரம் இல்லை.
கூட்டக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன்.
பொருள்: சடையங்குப்பம் பின்புறம்
சீமைக் கருவேலம் புதரில் பெருந்தீ,
முன்னேற்பாடும் மீட்பும், ஆய்வு.

வரைபடத்தில் எரிந்த இடம் பச்சையாக இருந்தது.
பழைய வரைபடம் என்றார் ஒருவர்.
இல்லை, அது பசுமைப் பட்டை என்றார் இன்னொருவர்.
கம்பெனிக் கணக்கில் எட்டு வருஷமாய்
அந்த முள்ளுக்குத் தண்ணீர் ஊற்றிய செலவு இருக்கிறது.
யாரும் சிரிக்கவில்லை. நானும் எழுதவில்லை.

நிலைய அலுவலர் பிலவேந்திரன்
உட்காரச் சொல்லியும் நின்றே பேசினார்.
அழைப்பு 11.09. வண்டி கிளம்பியது 11.11.
அதற்கப்புறம் கன்டெய்னர் லாரிகள்,
மூன்று வரிசை, தலையும் வாலும் தெரியாமல்.
டிரைவர்கள் நிழலில் ஸ்டவ் பற்றவைத்து
சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள்.
"கஞ்சியக் கொட்டிட்டு வண்டிய எடுத்தாங்க சார்.
ஆனா ஒதுங்க எடமே இல்ல."
இரண்டரைக் கிலோமீட்டர், நாற்பத்தோரு நிமிடம்.
'போக்குவரத்து நெரிசல்' என்று எழுதினேன்.
கஞ்சிக்குப் பத்தி கிடையாது.

கொசஸ்தலையாறு பக்கத்தில்தானே என்றார் துணை ஆணையர்.
குழாய் போட்டோம் சார், சாம்பல் சேறு வந்தது,
பம்பு அடைத்துக்கொண்டது.
துணை ஆணையர் ஆற்றை
வரைபடத்தில் விரலால் தடவிப் பார்த்தார்.

பிறகு அபாயச் சங்கு.
மாதாமாதம் முதல் சனிக்கிழமை காலை பதினொன்றுக்கு
மூன்று முறை ஊதி ஒத்திகை,
ஒரு மாதமும் தவறியதில்லை என்று
பாதுகாப்பு மேலாளர் பேரேட்டை நீட்டினார்.
அன்றும் முதல் சனிக்கிழமை.
அன்றும் பதினொன்று, ஐந்து நிமிடம் முன்னே பின்னே.
ஊதினார்கள். ஊரே கேட்டது.
பர்மா நகரில் கேரம் நிற்கவில்லை.
ரேஷன் வரிசை கலையவில்லை.
சலூனில் பாதி மழித்த கன்னம்
மீதிக்குக் காத்திருந்தது.
ஒருவர் சுவர்க் கடிகாரத்தைத் திருத்திவைத்தாராம்.

கடைசி நாற்காலியில் ஏகவள்ளி,
புதருக்குள் கரி மூட்டம் போடுகிறவள்.
இடது கையில் கட்டு. வலது கையால் மைக்கைத் தள்ளினாள்.
"மாசாமாசம் சும்மா ஊதுறீங்கோ, சரி.
நெசமா எரிஞ்சா எப்டி ஊதுவீங்கோ?
அத ஒரு தபா ஊதிக் காட்டுங்கோ."

சங்கு கேட்டா ஓடினீங்க?
"இல்ல. பொகை மஞ்சளா வந்துச்சு.
என் மூட்டத்துப் பொகை அப்டி வராது."
தகரக் கொட்டகையில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கின பையன்கள்,
பாஷை தெரியாது, கதவை அறைந்திருக்கிறாள்.
பதினாலு பேர் வெளியே வந்தார்கள்.
"பதினஞ்சாவதா ஒருத்தன் இருந்தான்னு
அப்பாலதான் சொன்னாங்கோ."
மைக் அவள் பக்கம் இல்லை, ஆனாலும் கேட்டது.

வரைவு திருத்தத்துடன் திரும்பி வந்தது.
அவள் கேள்வி, 'பொதுமக்கள் ஆலோசனை'.
தீர்மானம் ஏழு: சங்கு ஒத்திகை
வழக்கமான நேரத்தில் தொடரும்.
தட்டச்சு செய்தேன்.

செய்யாமல் விட்டது ஒன்று:
அன்று நான் மொட்டைமாடியில் துணி காயப்போட்டேன்.
சங்கு ஊதியதும், ஐயோ பதினொன்னாச்சா என்று
கிளிப்புகளை வேகமாகக் குத்தினேன்.
வெள்ளைச் சட்டையில் கறுப்பாய் ஒன்று வந்து உட்கார்ந்தது.
தட்டினேன். ஈரத்தில் இழுபட்டு நீண்டது.
இரண்டு தடவை துவைத்தாயிற்று.

இப்போது ஆறாம் பத்தி.
உயிரிழப்பு: ஒன்று. பெயர் சரிபார்க்கப்படுகிறது.
கான்ட்ராக்டர் நோட்டில் ஒரு மாதிரி,
சம்பளச் சீட்டில் வேறு மாதிரி.
அதற்கு இடம் விட்டிருக்கிறேன், பன்னிரண்டு புள்ளி.
அவன் பெயர் நீளமாக இருந்தால்
வரி உடையும்.