காப்பு

சிம் லிம் ஸ்கொயர், மூன்றாம் தளம்.
மடிக்கணினிக்கு அட்டையைத் தேய்த்து முடித்த பிறகுதான்
வெய் ஜியே அந்தக் காகிதத்தை எடுத்தான்.
“அண்ணே, இன்னும் இருநூற்று எண்பத்தொன்பது வெள்ளி.
ஒரு வருஷ வாரண்டி மூன்று வருஷமாகும்.”
‘அண்ணே’ மட்டும்தான் தமிழ்.
மீதி என் மொழிபெயர்ப்பு.

புலவர்கள் நூலின் தலையில் காப்பு வைப்பார்கள்.
இவர்கள் பில்லின் அடியில்.

பத்து நிமிஷத்துக்கு முன்
கல்லு மாதிரி உழைக்கும் என்றவன்
இப்போது எப்படியெல்லாம் போகும் என்று விரல் மடக்குகிறான்.
திரை போகும். தாய்ப்பலகை போகும்.
மின்கலம் போகும், ஆனால் அது சேராது.
காப்பி கொட்டினால் சேராது.
கைதவறினால் சேராது.
இயல்பான தேய்மானம் சேராது.
நான் தொடாமலே வைத்திருந்து
அது தானாகச் செத்தால்
கண்டிப்பாகச் சேரும்.

நான் மின்தூக்கி பழுதுபார்க்கிறவன்.
பதினோரு வருஷமாய் யீஷூன் புளோக்குகளின்
தொண்டைக்குள் இறங்கி ஏறுகிறேன்.
புதிது, வந்த சில மாதம் மக்கர் பண்ணும்.
பழையது, போகிற காலத்தில் மக்கர் பண்ணும்.
நடுவில் உள்ள வருஷங்களில்
அப்படி ஒன்று இருப்பதையே யாரும் நினைக்காதபடி
ஏறும், இறங்கும்.
அவன் எனக்கு விற்பது
அந்த நடு வருஷங்களை.

இதையும் சொல்லிவிட வேண்டும்.
போன தீபாவளிக்கு முந்தின இரவு
மாட்டி இரண்டே வருஷமான தூக்கி
ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில் நின்றுவிட்டது.
உள்ளே ஒரு சீன ஆன்ட்டி, ஒரு மூட்டை அரிசி,
காதில் பாட்டைக் கழற்றாத ஒரு பையன்.
கதவைப் பிளந்து கைகொடுத்தபோது
ஆன்ட்டி கேட்டார்: “இது புதுசுதானே?”
புதுசுதான், ஆன்ட்டி.

காகிதத்தின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன்.
கணினி ஆயிரத்து நானூற்று நாற்பத்தைந்து.
ஐந்தில் ஒரு பங்கு கேட்கிறான்.
அப்படியானால் ஐந்தில் ஒன்று செத்தால்தான்
அவனும் நானும் சரிக்குச் சரி.
ஹாஃபிஸுக்குப் போன் போட்டேன்.
“வாங்காதே. நான் வாங்கினேன், மூணு வருஷம்
ஒண்ணுமே ஆகலை” என்று திட்டினான்.
அதற்காக வருத்தப்படும் மனிதனை
அன்றுதான் முதலில் கேட்டேன்.

காகிதத்தில் ஒரு கட்டம்: முடியும் தேதி.
மூன்று வருஷம் தள்ளி ஒரு மார்ச்.
என் சட்டைப்பையில் இருக்கும் வேலை அட்டைக்கு
வருகிற ஆகஸ்ட்.
ஐந்து முறை புதுப்பித்தாயிற்று.
ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு திரை முன்னால்
முகம் தெரியாத ஒருவர்
என் தேய்மானம் சேருமா சேராதா என்று
பார்த்திருப்பார்.
பகுதிநேர டிப்ளோமாவுக்கு இன்னும்
இரண்டரை வருஷப் பாடம் பாக்கி.
கணினியைவிட நான் முதலில் காலாவதி.

இதை வெய் ஜியேயிடம் சொல்லவில்லை.
அவனுக்கு மாதக் கடைசி.
கல்லாவுக்குப் பின்னால் வெள்ளைப் பலகையில்
அவன் பெயருக்கு நேரே இரண்டே கோடுகள்.
அவற்றைப் பார்த்துக்கொண்டேதான்
வேண்டாம் என்றேன்.
“ஓகே அண்ணே.” கோபமில்லை.
கிறுக்கிய காகிதத்தை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னான்.

ரோச்சோர் நிலையத்தின் நீளமான படியில் இறங்கும்போதே
இருநூற்று எண்பத்தொன்பதைத் தனிக்கணக்குக்கு மாற்றி
‘உடைந்தால்’ என்று பெயர் வைத்தேன்.
எனக்கு நானே வாரண்டி.
மூன்று மாதம் அங்கேயே கிடந்தது.
பிறகு கடைவாய்ப்பல் உடைந்தது. நூற்றெண்பது.
பெயர் பொய்யில்லை.

கணினி நன்றாகத்தான் இருக்கிறது.
இரவு வேலை முடிந்து திறந்தால்
விசிறி மட்டும் சிலசமயம் ஒருமுறை இருமும்.
அப்போது விசைகளிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டு
தலையைச் சாய்த்துக் கேட்கிறேன்.
கதவு மூடுமுன்
தூக்கி ஒரு நொடி தயங்குமே,
அதைக் கேட்பதுபோல.