ஒன்றரை நிமிடப் படகு

வாரத்தில் ஐந்து நாள் நான் பேருந்து ஓட்டுகிறவள்.
சந்தைச் சதுக்கம் தொடங்கி மருத்துவமனை வரை,
கண்ணாடிக்குள் முப்பது தலைகள்.
கதவைத் திற, கதவை மூடு,
தள்ளுவண்டிக் குழந்தைக்காகப் படியைத் தாழ்த்து.
எந்நேரமும் கடிகாரத்துக்கு
இரண்டு நிமிடம் கடன்.

ஞாயிறன்று என்னை
யாராவது ஓட்டிக்கொண்டு போகட்டும்.

துர்க்கு நகரில், ஔரா ஆற்றின் குறுக்கே
ஆரஞ்சு நிறப் படகு ஒன்று
போகிறது, வருகிறது.
கட்டணம் கிடையாது. பயணம் ஒன்றரை நிமிடம்.
கையுறையைக் கழற்றலாமா வேண்டாமா என்று
யோசித்து முடிப்பதற்குள் அக்கரை.

அக்கரை பச்சை என்று ஆசைப்படவும் வழியில்லை,
ஏப்ரலில் இரண்டு கரையும் ஒரே சாம்பல்.
குளிர்காலம் முழுக்கப் பாதையில் தூவிய சரளையை
நகராட்சி வண்டி பெருக்கிக்கொண்டு போகிறது.
மூக்கில் ஏறும் அந்தப் புழுதிதான்
எங்களுக்கு வசந்தம்.
பூவெல்லாம் பிறகு, சாவகாசமாக.

முதல் நடையில்
விளக்குக் கூண்டைத் தலையில் கவிழ்த்தபடி ஒருவர்.
இரண்டு கையிலும் பை, வேறெங்கே வைப்பார்?
யாரும் சிரிக்கவில்லை. இந்த ஊரில் அது மரியாதை.
நான் மட்டும் ஆற்றின் பக்கம் திரும்பிச்
சிரித்து முடித்தேன்.
ஆறு யாரிடமும் போய்ச் சொல்லாது.

இறங்கியவள் இறங்கிய காலோடு மறுபடி ஏறினேன்.
படகோட்டி ரெய்னோ புருவம் உயர்த்தினார், கேட்கவில்லை.
ஐந்து வயதுப் பையன் ஒருவன் கேட்டான்:
இந்தப் படகு எங்கே போகும்?
அங்கே.
அப்புறம்?
இங்கே.
அப்புறம்?
ரெய்னோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
ஸ்வெட்டர் நுனியில் நிதானமாகத் துடைத்தார்.
அப்புறம் காப்பி, என்றார்.
பையன் திருப்தியோடு தலையாட்டினான்.
எனக்கும் அது போதுமானதாக இருந்தது.

கரையில் அன்னுக்காவின் கடை.
சுருட்டிச் சுட்ட ஏலக்காய் ரொட்டிக்கு
எங்கள் மொழியில் பெயர் 'செவுளறை'.
சூடாக இரண்டு செவுளறை கொடுங்கள் என்று
காசு கொடுத்துக் கேட்டு வாங்குகிறோம்.
எந்த மழைமலையில் காய்த்த ஏலமோ,
கடித்ததும் மூக்குக்குள் ஒரு சன்னல் திறக்கிறது.
மேலே தூவிய சர்க்கரைக் கற்கள்
மடியில், மப்ளரில், எங்கெங்கோ.

ஐந்தாவது நடையில் பச்சைத் தொப்பிக்காரி ஏறினாள்.
காலை ஆறு நாற்பதுக்கு என் பேருந்தில்
மூன்றாவது இருக்கைக்காரி.
நான்கு வருடமாகக் கண்ணாடியில் பார்க்கிறேன்,
வலக் கன்னத்தில் மச்சம்.
இன்று எதிரே நின்றாள்.
மச்சம் இடக் கன்னத்தில் இருந்தது.

நான்கு வருடமாக ஒரு முகத்தைப்
புறமாற்றிப் போட்டு வைத்திருந்திருக்கிறேன்.

அவளும் என்னையே பார்த்தாள்.
உங்களுக்குக் கால்கள் இருக்கின்றன, என்றாள்.
பிடரியும் தோளும் மட்டும்தான் என்று
நினைத்துக்கொண்டிருந்தேன்.
படகு நடுவாற்றில் இருந்தது.
மிச்சம் முக்கால் நிமிடம்.
அதற்குள் பெயர் கேட்டால் அவசரம்,
கேட்காவிட்டால் அசிங்கம்.
இரண்டாவது செவுளறையைப் பிட்டு நீட்டினேன்.
பெரிய பாதியை எடுத்துக்கொண்டாள்,
கூச்சமே இல்லாமல்.

திங்கள், ஆறு நாற்பது.
மச்சம் வலக் கன்னத்துக்குத் திரும்பியிருந்தது.
வணக்கம் இல்லை, சிரிப்பு இல்லை.
தொப்பியை மட்டும் ஒரு விரலால்
கொஞ்சம் மேலே தள்ளிவிட்டாள்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபோது
கையுறையின் கட்டைவிரலுக்குள்
ஒரு சர்க்கரைக் கல் உறுத்தியது.
மருத்துவமனை நிறுத்தம் வரை
உறுத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.