முதல் வரி

நாலு வரப்பு ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு,
பக்கத்தில் தண்ணீர் அளக்கும் கம்பம் மாதிரி ஒரு கோடு,
அடியில் ஒரு புள்ளி.
என் நிரல் இப்படித்தான் தொடங்கும்:
#!/bin/bash

கூத்தாநல்லூரில் என் மடிக்கணினியில் ஓடியது.
திருவாரூர் அலுவலகத்தில் ஓடியது.
நீடாமங்கலம் மூணாறு தலைப்பில்,
மதகையொட்டிய அறையில்,
யாரோ எந்தக் காலத்திலோ
ஃப்ரீபிஎஸ்டி ஏற்றிவிட்டுப் போன பெட்டி
அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது.

கோப்பு கண்ணெதிரே கிடக்கிறது.
பட்டியல் கேட்டால் பெயர் வருகிறது.
ஓடு என்றால் இல்லை.

முக்கால் மணி நேரம் போயிற்று
இல்லாதது கோப்பு அல்ல,
அதை வாசிக்க வேண்டிய ஆள் என்று புரிய.
ஆள் ஊரில்தான் இருக்கிறார்.
வேறு தெரு.

எங்கள் வீட்டுக்குப் பழைய எண் பதினாலு, புதிய எண் முப்பத்தொன்று.
கொரியர் பையன் இரண்டையும் நம்புவதில்லை.
பள்ளிவாசல் முக்கில் வண்டியை நிறுத்தி
"ஜுனைதா வீடு எது?" என்பான்.
எவராவது கை காட்டுவார்கள்.
பெட்டிக்குள்ளும் அப்படி ஒரு முக்கு உண்டு:
#!/usr/bin/env bash

ஓடியது.
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு,
மூன்றின் மட்டமும் திரையில் விழுந்தன.
லஸ்கர் வைரக்கண்ணு டீ வாங்கிக் கொடுத்தார்.
பேருந்தில் ஜன்னலோரம்கூடக் கிடைத்தது.

காலையில் அவர் அழைப்பு.
"ராத்திரி பூரா ஒண்ணும் வரலம்மா.
ரெண்டு மணிக்கு நாந்தான் டார்ச் அடிச்சுப் பாத்து
நோட்டுல எழுதுனேன்."

இரவில் நிரலை எழுப்புவது கிரான்.
அது முக்கில் போய்க் கேட்டிருக்கிறது.
ஆனால் இரவுக்காரனுக்குத் தெரிந்தவை
சில தெருக்கள்தான்.
அந்தப் பேரில் இங்கே யாருமில்லை, போ.

பிறகு நான் செய்தது அழகான வேலை அல்ல.
பாஷ் மட்டும் அறிந்த சொகுசுகளை
ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
அறுபத்தொரு வரி எண்பத்தெட்டு ஆனது.
தலையில்
#!/bin/sh
எல்லா ஊரிலும் அதே வீடு, என்று குறிப்பு எழுதினேன்.
யோசித்து, "அநேகமாக" சேர்த்தேன்.

மேட்டூர்த் தண்ணீர் வந்து சேர்ந்த இரவு
மட்டங்கள் தாமாகவே வந்தன.
வைரக்கண்ணு அன்றும் டார்ச்சோடு இறங்கியிருக்கிறார்.
அவர் நோட்டில் முதல் வரி கிடையாது.
தேதி, மணி, மூன்று எண்.
எங்கே எடுத்துப் போனாலும் திறக்கும்.

ஒன்றா, ஏழா என்பதற்கு மட்டும்
அவரைத்தான் கேட்க வேண்டும்.